திறந்து வைத்த சதுக்கம் ஏன் காலியாகக் கிடக்கிறது? பினாங்குத் தெருக்களை வைத்து ஒரு விளக்கம்

நகரின் ஒரு பகுதியை மேம்படுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வருகிறது. தரைக்குக் கருங்கல், புது விளக்குகள், ஒரு நீரூற்று, திறப்பு விழாப் படங்கள். சில மாதம் போனால் அந்த இடத்தில் பகல் முழுக்க ஆளே இருப்பதில்லை. ஆனால் மலேசியாவில், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில், நம் பழைய ஆட்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசாரில், பண்டிகைக்கு முந்திய மாலையில் நடக்கவே இடம் கிடைக்காது. அங்கே நீரூற்றும் இல்லை, கருங்கல்லும் இல்லை. செலவழித்த இடம் காலியாகவும் செலவழிக்காத இடம் நிறைந்தும் இருப்பது ஏன்? இதற்கு விடை தெரிந்தால், பூங்கா, நடைபாதைத் தெரு, பசுமைப் பகுதி என்று வரும் செய்திகளில் எது பலன் தரும், எது தராது என்று நாமே எடை போடலாம்.

## எது பொதுவெளி?

அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல், யாரும் போய் நிற்கவும் உட்காரவும் முடிகிற இடம் பொதுவெளி. திடலும் பூங்காவும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் எந்த நகரத்திலும் மிகப் பெரிய பொதுவெளி தெருதான். ஒரு நகரின் நிலத்தில் 45 முதல் 50 விழுக்காடு தெருக்களுக்கும் திறந்த பொது இடங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யூஎன்-ஹேபிடாட் பரிந்துரைக்கிறது. அதில் 30 முதல் 35 விழுக்காடு தெருக்களுக்கு மட்டும். தெரு முழுவதையும் காருக்கு விட்டுவிட்டுப் பூங்காவின் ஏக்கர் கணக்கை மட்டும் பேசினால், பெரிய பங்கு பேச்சிலேயே வராமல் போகிறது.

பினாங்கில் இதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது வசதி:

1. பொது நிலம், பொது உரிமை. பாடாங் கோத்தா லாமா திடல், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, கடலைத் தூர்த்து உருவாக்கி 2024இல் முதல் கட்டம் திறக்கப்பட்ட கர்னி பே, எல்லாத் தெருக்களும்.
2. தனியார் நிலம், ஆனால் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் கூரையுள்ள நடைபாதையான அஞ்சடி இந்த வகை.
3. தனியார் நிலம், தனியார் விதி, பார்வைக்கு மட்டும் பொதுவெளி. பேரங்காடியின் நடுக்கூடம் அப்படிப்பட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பாதுகாவலர் எழுப்பினால் எழுந்துதான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது இடத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. அங்கே குளிர்ச்சி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, தாத்தா பாட்டி உட்கார நாற்காலி இருக்கிறது. முதல் இரண்டு இடங்களில் இவற்றை நகரம் தரவில்லை.

## கலகலப்பை அளக்க முடியும்

ஓர் இடம் உயிரோடு இருக்கிறதா என்பதை வெறும் அபிப்பிராயமாக விட வேண்டியதில்லை. அதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் 120 பேர் ஒரு சதுக்கத்தைக் கடக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது பார்த்தாலும் அங்கே சராசரியாக 4 பேர்தான் இருப்பார்கள். இன்னோர் இடத்துக்கு 30 பேர் மட்டும் வருகிறார்கள், ஆனால் ஆளுக்கு 20 நிமிடம் தங்குகிறார்கள். அங்கே எப்போதும் 10 பேர் இருப்பார்கள். கால்வாசிப் பேர் வந்தும் இரண்டரை மடங்கு கலகலப்பு. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதில் வடிவமைப்பாளரின் கை அதிகம் இருக்கிறது.

நியூயார்க் இதைச் செலவு செய்து கற்றுக்கொண்டது. 1961இல் அங்கே ஒரு விதி வந்தது. கட்டடத்தின் முன் ஒரு சதுர அடி சதுக்கம் விட்டால், அடர்த்தியான வட்டாரங்களில் பத்து சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். சதுக்கங்கள் பெருகின, ஆனால் பலவற்றில் ஆள் இல்லை. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970களில் கேமரா வைத்து அவற்றை நாள்கணக்கில் படம் எடுத்தார். எந்த வடிவம், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. உட்கார இடம் இருந்த சதுக்கத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள், இல்லாத இடத்தில் கடந்து போனார்கள். 1975இல் நகரம் விதியைத் திருத்தி, 30 சதுர அடிச் சதுக்கத்துக்கு ஓர் அடி நீள இருக்கை கட்டாயம் என்றது.

டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கெல் இதே வழியில் இன்னொரு பிரிவைச் சொன்னார். வேலைக்கும் பள்ளிக்கும் போவது போன்ற கட்டாய நடவடிக்கைகள் எந்த மோசமான தெருவிலும் நடக்கும். உலாவுவது, நின்று பார்ப்பது, உட்கார்வது போன்ற விருப்ப நடவடிக்கைகள் இடம் நன்றாக இருந்தால்தான் நடக்கும். பேச்சு, விளையாட்டு, அறிமுகம் எல்லாம் அந்த இரண்டின் மேல் தானாக வளரும். ஒரு தெருவில் கட்டாய நடை மட்டும் இருந்தால் அந்தத் தெரு தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

## வெயில்: கோபன்ஹேகன் பாடம் இங்கே தலைகீழ்

கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோகெட் என்ற கடைவீதியில் கார் ஓடத் தடை வந்தது. உலகமே அதைப் பார்த்துப் படித்தது. அங்கே மக்கள் வெயிலைத் தேடிப் போய் உட்காருவார்கள். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்குள் இருக்கிறது. நண்பகல் வெயில் ஏறத்தாழத் தலைக்கு நேரே இறங்கும். ஐரோப்பியச் சதுக்கத்தின் படத்தைப் பார்த்து அதே அகலத்தில் கல் பரப்பினால் கிடைப்பது ஓர் அடுப்புக்கல்.

காரணம் இது. நிழலில் உள்ள காற்றுக்கும் வெயிலில் உள்ள காற்றுக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு உணர்வது நான்கின் கூட்டு: காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், கதிர்வீச்சு வெப்பம். முதல் இரண்டை ஒரு தெருவின் வடிவமைப்பால் அதிகம் மாற்ற முடியாது. பின்னிரண்டை நன்றாகவே மாற்றலாம். நிழல் நேர்க்கதிரைத் தடுக்கிறது, தரையையும் சூடேறாமல் வைக்கிறது. நிழலில்லாத கல்லும் தாரும் பகலில் சூட்டை உள்ளே வாங்கி, மக்கள் வெளியே வரும் மாலை ஏழு மணிக்கு அதைத் திருப்பி விடுகின்றன. நம் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காயாது என்பதால் காற்றோட்டமும் அவ்வளவே முக்கியம். கடலோரத்தில் காற்றை மறிக்கும் ஒரு நீளமான கட்டடம், பின்னால் இருக்கும் பல தெருக்களின் மாலையைக் கெடுத்துவிடும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம் என்ற எண்ணிக்கை அதிகம் சொல்வதில்லை. அங்சானா, தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் விரிந்த நிழல் தர வேர் ஓட மண் வேண்டும். ஒரு மீட்டர் குழி வெட்டிச் சுற்றிலும் சிமெண்டு பூசினால் மரம் குட்டையாக நிற்கும், அல்லது நடைபாதையைத் தூக்கிவிடும். ஜார்ஜ்டவுனையும் பாயான் லெப்பாசையும் வெப்பத்திலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்க இயற்கை வழித் திட்டம் ஒன்றுக்கு, அடாப்டேஷன் ஃபண்ட் என்ற அனைத்துலகப் பருவநிலை நிதியம் ஒரு கோடி அமெரிக்க டாலர் அளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் தெரு மரங்களுக்கும் இடம் உண்டு. அந்த மரங்களுக்கு எத்தனை கன மீட்டர் மண் கிடைக்கிறது என்பதே கவனிக்க வேண்டிய எண்.

## அஞ்சடி: தெருவின் உயிர் ஓரத்தில் இருக்கிறது

ஒரு திடலின் நடுவில் யாரும் முதலில் போய் நிற்பதில்லை. சுவரோரம், தூணோரம், மரத்தடி என்று முதுகுக்கு ஏதாவது ஆதரவு உள்ள இடத்தில்தான் மனிதர் நிற்பார். அதனால் ஓர் இடத்தின் ஓரம் செத்திருந்தால் நடுவும் செத்துவிடும். நூறு மீட்டருக்கு 15 முதல் 20 வாசல்கள் இருந்தால் அந்த ஓரம் உயிரோட்டமானது என்பது கெல் குழுவின் அளவுகோல். பினாங்குக் கடைவீட்டின் முகப்பு சுமார் 6 மீட்டர். நூறு மீட்டருக்கு 16 வாசல் வந்துவிடுகிறது. நம் பழைய தெருக்கள் அந்த அளவுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த வரிசையை இடித்து ஒரே கண்ணாடிச் சுவர் எழுப்பினால், எத்தனை அழகான பெஞ்சு போட்டாலும் இழந்ததை மீட்க முடியாது.

அந்த வாசல்களுக்கு முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் கூரையாக இருப்பது அஞ்சடி. சிங்கப்பூருக்காக ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம், கட்டடங்களின் முன் கூரையுள்ள தொடர்நடை வேண்டும் என்றது. அந்தப் பழக்கம் மலாயாவின் நகரங்கள் எங்கும் பரவியது. பினாங்கிலும் அது வெறும் நடைபாதையாக இருந்ததில்லை. பூக்கட்டுபவர், முடி வெட்டுபவர், ஒட்டுக்கடைக்காரர், பத்திரிகை படிக்கும் பெரியவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை எல்லாருக்கும் அது முன்கூடம். 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் ஆலயம் இருக்கும் லெபோ குயின் பக்கம் மாலைக் கடையின் முன் நிற்பவர்களைப் பாருங்கள். பூ வாங்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர்கள் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நிற்பார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த ஒன்பது நிமிடம்தான் தெருவை நிறைக்கிறது.

இங்கேதான் பெரிய சச்சரவும் வருகிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி அஞ்சடியை அடைப்பது குற்றம். அமலாக்க அதிகாரிகள் வந்து பொருள்களை அள்ளிக்கொண்டு போவார்கள், வியாபாரிகள் கொதிப்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவரோ அடைபட்ட அஞ்சடியை விட்டு இறங்கிக் கார்களுக்கு நடுவே போவார். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் இதற்கு அளவுநாடாவால் தீர்வு காணலாம்:

1. ஐந்து அடி என்பது 152 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி நேராகப் போக 90 சென்டிமீட்டர் வேண்டும். மீதம் 60 சென்டிமீட்டர் சொச்சம். பூமேசைக்கோ இரண்டு முக்காலிக்கோ அது போதும்.
2. சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம் தேவை. அதனால் தெரு முனைகளிலும் கடை வாசல்களிலும் முழு அகலமும் காலியாக இருக்க வேண்டும்.
3. அகலமான அஞ்சடிகளில் மீதம் கூடும், குறுகியவற்றில் எதுவும் வைக்க முடியாது. எனவே விதி கடைக்குக் கடை தரையில் கோடாக வரையப்பட வேண்டும். கோட்டுக்கு உள்ளே வியாபாரம், வெளியே நடை.
4. மோட்டார் சைக்கிளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தெருவோரத்தில், இரண்டு கார் நிற்கும் இடத்தை ஒதுக்கினால் பத்து வண்டி நிற்கும்.

இன்னும் கடினமான சிக்கல் தரைமட்டம். ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக உயர்த்திக்கொண்டதால் ஆறு மீட்டருக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் ஒருவரால் இதைச் சரிசெய்ய முடியாது. தெரு முழுவதற்கும் ஒரே வேலையாக மாநகர் கழகம்தான் எடுத்துச் செய்ய வேண்டும். நீரூற்றுக்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்பது நம் உரிமை.

## தேவைக்கு ஏற்ப மாறும் வெளி: தைப்பூசச் சாலை

திட்டமிடுவோர் அடிக்கடி சொல்லும் இன்னொரு தகுதி, மக்களின் தேவைக்கு ஏற்ப இடம் மாறிக்கொடுப்பது. ஆக்ஸ்ஃபோர்டில் 1980களில் இயன் பென்ட்லியும் சக வடிவமைப்பாளர்களும் இதைப் பல குணங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் நான்கு நமக்கு முக்கியம்: பல வழிகளில் உள்ளே வர முடிவது, பலவகைப் பயன்கள் இருப்பது, ஒரே இடம் வெவ்வேறு வேலைக்கு உதவுவது, பயன்படுத்துவோர் அதில் தங்கள் அடையாளத்தைப் பதிக்க முடிவது.

இந்த நான்கையும் ஒரே சாலையில் பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியைப் பார்த்தால் போதும். லெபோ பினாங்கில் உள்ள செட்டியார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. 2017 முதல் லெபோ குயின் ஆலயத்திலிருந்து தங்க இரதமும் புறப்படுகிறது. மற்ற நாளில் கார் மட்டும் ஓடும் சாலையில் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக எழுகின்றன. பந்தல் என்பது என்ன? நிழல், தண்ணீர், சாப்பாடு, உட்கார இடம், இசை, பொறுப்பேற்று நடத்தும் ஒரு குழு. வைட் நியூயார்க்கில் தேடிக் கண்டுபிடித்த எல்லாமும் அதில் இருக்கிறது. இரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கச் சீனக் குடும்பங்களும் மூட்டை மூட்டையாகக் கொண்டு வருகின்றன. யாரும் யாரிடமும் எந்த இனம் என்று கேட்பதில்லை. பல கோடி செலவில் நல்லிணக்கச் சதுக்கம் கட்டினாலும் இது எளிதில் அமையாது.

இது தானாக நடப்பது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்தலுக்கு அனுமதி, ஒலி அளவுக்குக் கட்டுப்பாடு, போலீசின் போக்குவரத்து மாற்றம், மாநகர் கழகத்தின் துப்புரவு, இந்து அறப்பணி வாரியத்தின் ஒருங்கிணைப்பு எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆக, பொறுப்பு தெளிவாகப் பிரிக்கப்பட்டால் நம் நகரத்தால் ஒரு சாலையை மூன்று நாளில் மாற்றிக் காட்ட முடிகிறது. அதை ஆண்டு முழுக்கச் சிறிய அளவில் ஏன் செய்ய முடியாது?

செய்ய முடியும். அதற்கான தொழில்நுட்பம் மிகச் சாதாரணமானது. தரையிலேயே கம்பம் ஊன்றும் குழிகள் மூடியோடு. சில மீட்டருக்கு ஒரு மின்முனை. கழுவிவிடக் குழாயும் அதற்கேற்ற வடிகாலும். நாற்காலி, மேசை பூட்டி வைக்க ஒரு சின்ன அறை. இவ்வளவும் இருந்தால் ஒரே இடம் தீபாவளிச் சந்தைக்கும் ரமலான் சந்தைக்கும் சீனப் புத்தாண்டின் நிறைவான சாப் கோ மே இரவுக்கும் பொங்கலுக்கும் உதவும். மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். நடுவில் நிரந்தரமாக ஒரு பெரிய சிற்பத்தை நிறுத்திவிட்டால் இவற்றில் பாதி நடக்காது. வடிவமைப்பாளர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதும் வடிவமைப்புதான்.

## காருக்குத் தடை போட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?

நடைபாதைத் தெரு என்று அறிவித்தவுடன் எழும் முதல் அச்சம் இதுதான். ஸ்ட்ரோகெட் வியாபாரிகளும் இதையே சொன்னார்கள், அப்புறம் தெரு நிறைந்தது. ஆனால் அதை வைத்து இங்குள்ள வியாபாரியின் கவலையைத் தள்ளிவிடக் கூடாது. அரிசி மூட்டை, துணிப் பொட்டலம், கேஸ் சிலிண்டர் எல்லாம் வண்டியில்தான் வர வேண்டும். கோவில் கல்யாணத்துக்கு வரும் மூத்தவரை வாசலில் இறக்கிவிட வேண்டும்.

நேரக் கணக்கு இதற்கு வழி தருகிறது. காலையில் சரக்கு வண்டிக்கு, மாலையில் நடப்பவருக்கு, ஆம்புலன்சுக்கு எப்போதும். லெபோ பந்தாயில் 2011 இறுதியிலிருந்து ஞாயிறு காலை காருக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள். கோலாலம்பூர் நடுப்பகுதியிலும் 2014இல் ஞாயிறு காலைக் காரில்லாச் சாலை தொடங்கியது. முதலில் பிளாஸ்டிக் தடுப்பு வைத்து ஆறு மாதம் சோதித்து, நடப்போரையும் விற்பனையையும் எண்ணிப் பார்த்து, பிறகு கல் பதிப்பது நல்லது. கல்லை முதலில் பதித்துவிட்டுப் பாடத்தைப் பிறகு படிப்பது செலவு அதிகம்.

## தெரு அழகானால் வாடகை என்ன ஆகும்?

வெளியை வடிவமைப்பதோடு கதை முடிவதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் நீங்கியதும், ஜார்ஜ்டவுன் நடுவிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது, 2012இல் சுவரோவியங்கள் வந்தன, பயணிகள் பெருகினார்கள், கடைவீடுகள் பல விடுதிகளாக மாறின. இரவு பத்து மணிக்கு மாடி ஜன்னலில் விளக்கு எரியும் வீடு இருந்தால் கீழே நடக்கும் பெண்ணுக்குத் துணிச்சல். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே தெருவைக் கவனிக்கும் கண்கள் என்று சொன்னது இதைத்தான். மேம்பாட்டால் வாடகை ஏறி, பூக்கட்டுபவரும் தையற்காரரும் போய்விட்டால், எதைக் காட்ட அந்தத் தெருவை மேம்படுத்தினோமோ அதுவே இல்லாமல் போகும். பழுதுபார்ப்புக்கு அரசுப் பணம் வாங்கும் கட்டட உரிமையாளர், குடியிருப்பவரை இத்தனை ஆண்டு அதே வாடகையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு நேரடியான மருந்து.

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கும் இதோடு தொடர்புடையது. பூங்கா நிலத்தின் ஒரு பகுதியில் சொகுசு அடுக்குமாடிகளும், அவற்றோடு புக்கிட் கியாரா நீள்வீட்டு மக்களுக்கான மலிவு வீடுகளும் கட்ட அனுமதி தரப்பட்டது. அந்த நீள்வீட்டில் இருப்போர் பெரும்பாலும் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களான நம் குடும்பங்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிசெய்தது. பூங்கா காப்பாற்றப்பட்டது நல்லது. ஆனால் பூங்காவா, ஏழைகளின் வீடா என்ற நிலைக்கு இரு தரப்பையும் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அடிப்படைத் தவறு. இரண்டும் ஒரே மக்களுக்கு வேண்டியவை.

## யாரிடம், எப்போது, எதைக் கேட்பது?

உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. மாநகர் கழக உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். எனவே ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் காலம் நமக்கு முக்கியமான வாசல். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும். கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டம். குடியிருப்பாளர் சங்கம், ஆலயக் குழு, வியாபாரிகள் சங்கம் யாராக இருந்தாலும் எழுதலாம், நேரில் விசாரணைக்கும் கேட்கலாம்.

எழுதும்போது “நன்றாக இல்லை” என்பதைவிட எண் கேட்கும் கேள்விகள் வலுவானவை:

1. பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த இடத்தில் எத்தனை சதுர மீட்டர் நிழல்? மரம் வளரும் வரை தற்காலிக நிழல் என்ன?
2. எத்தனை பேர் உட்காரலாம்? அதில் முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள இருக்கை எத்தனை? முதியவர் எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும்.
3. சக்கர நாற்காலி பேருந்து நிறுத்தத்திலிருந்து இங்கே ஒரு படிகூட இல்லாமல் வர முடியுமா?
4. கழிப்பறை எத்தனை மீட்டர் தூரத்தில், எத்தனை மணி வரை திறந்திருக்கும்?
5. இப்போது இங்கே பிழைப்பவர்கள் வேலை நடக்கும் மாதங்களில் எங்கே போவார்கள், திரும்பி வர எழுத்து மூலமான உறுதி உண்டா?
6. திறந்த பிறகு ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, எந்த இலாகாவின் வரவு செலவில் வருகிறது, விளக்கு எரியாவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது?

ஆறாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வராத திட்டத்துக்கு, கட்டுமானப் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒதுக்கும் வரை ஒப்புதல் தரக் கூடாது என்று ஆட்சேபத்திலேயே எழுதலாம்.